கவனமும் சிக்கனமும்

பொருளைச் செலவிடாமல் பூட்டி வைப்பவனே சிக்கனக்காரன் என்று பலரும் எண்ணுகின்றனர். மலிவான பொருளை வாங்குபவனே சிக்கனக்காரன் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். இவ்விரண்டும் உண்மை அல்ல. எதில் குறைக்கலாம், எதில் குறைக்கலாகாது என்று அறிந்து செலவிடுபவனே சிக்கனக்காரன். அவ்வறிவு நூலைப் படித்த அளவில் வந்து விடுவதன்று; கண்ணும் கையும் கருத்தும் ஒன்றிய கவனத்தால் வருவது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து, பிள்ளைகளுக்குக் கவனத்தைப் பற்றி ஓயாது உபதேசம் செய்தவன் நான். ஆயினும் அச்சொல்லின் பொருளை நான் நன்கு கற்றது அறுபத்தைந்தாம் வயதில், ஒரு பழைய காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான். மாணவர்களே! அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் திருவையாற்று அரசர் கல்லூரியில் புலவர் பட்டத்துக்குப் படித்தவன். நன்னூற் சூத்திரங்களை விடியற்காலையில் காவிரிப் படித்துறையில் அமர்ந்து நெட்டுருச் செய்தவன். எழுதுகோல் பிடித்துப் பழகிய என் கைக்குச் சுத்தியலும் திருப்புளியும் அயலானவை. வீட்டில் ஒரு குழாய் ஒழுகினாலும் ஆள் தேடி அனுப்புவதே என் வழக்கம். “நமக்கு எதற்கு அந்த வேலை?” என்று சொல்வதில் ஒருவகைப் பெருமையும் எனக்கு இருந்தது. அது பெருமை அன்று, அறியாமையின் மேற்போர்வை என்பது அக்காலத்தில் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 கார் உண்டு. இந்தியாவில் நடுத்தரக் குடும்பத்தாரும் கார் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலையை உண்டாக்கிய வண்டிகளுள் அது முதன்மையானது. 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவ்வகையின் முதல் வண்டியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வழங்கினார். 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. மூன்று உருளைகளைக் கொண்ட அதன் சிறிய இயந்திரம் முன்புறத்தில் குறுக்காக அமைந்து முன் சக்கரங்களையே இயக்குவது. என்னுடையது 2003இல் செய்யப்பட்டது. 2009இல் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினேன். பதினைந்து ஆண்டுகள் கடந்த பின், சட்டப்படி 2018இலும் 2023இலும் அதன் பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தேன். அயலார் சிலர், “இதனை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமே” என்பர். ஓய்வூதியத்தில் காலம் கழிப்பவனுக்கு அவ்வறிவுரை காதுக்கு இனிதே அன்றிக் கைக்கு எட்டுவதன்று.

அந்த வண்டி எங்களுக்கு ஆடம்பரப் பொருள் அன்று. என் மனைவிக்கு இரு முழங்கால்களிலும் மூட்டு நோவு. வாரந்தோறும் திங்கட்கிழமை அவளைத் தஞ்சையில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். பேருந்தின் உயர்ந்த படிகளில் ஏறி இறங்குதல் அவளுக்குப் பெருந்துன்பம். எங்கள் சிற்றூர் திருவையாற்றை அடுத்துக் காவிரியின் வடகரையில் உள்ளது. அங்கிருந்து தஞ்சைக்குச் செல்வோர் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்னும் ஐந்து ஆறுகளைக் கடத்தல் வேண்டும். ஆறு தோறும் பாலம் உண்டு. பாலம் தோறும் ஏற்றம் உண்டு.

ஒரு திங்கட்கிழமை அந்த ஏற்றங்களில் எங்கள் வண்டி தளர்ந்தது. குடமுருட்டிப் பாலத்தில் ஏறும்போது இயந்திரம் பேரொலி செய்தது. வண்டியோ மெல்ல ஊர்ந்தது. நான் மேலும் அழுத்தினேன். ஒலி உயர்ந்ததே ஒழிய வேகம் உயரவில்லை. வெண்ணாற்றுப் பாலத்தில் கருகிய நாற்றம் ஒன்று வீசியது. எவ்வாறோ தஞ்சை சென்று மீண்டோம். மறுவாரம் வண்டியை எடுக்க அஞ்சிப் பேருந்தில் சென்றோம். அன்று மாலை வீடு திரும்பியதும் என் மனைவி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வீங்கிய முழங்கால்களுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாமையே என்னைப் பெரிதும் வருத்தியது.

நகரத்துப் பட்டறை ஒன்றில் விசாரித்தேன். கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றும், பொருள்களும் கூலியும் சேர்த்து ரூ. 9,000 ஆகும் என்றும் கூறினர். அவர்கள் கேட்டது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மருந்துச் செலவு போக அம்மாதம் என் கையில் இருந்தது ரூ. 5,000 மட்டுமே. கடன் வாங்குவது என் இயல்பன்று. செய்வதறியாது நின்றபோது, எங்கள் ஊர் எல்லையில் சிறு பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். அவனிடம் செல்ல எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அவன் மறுநாள் மாலையே வீட்டுக்கு வந்தான். வந்தவன் உடனே எதனையும் கழற்றவில்லை. முதலில் கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தான். “ஐயா, பெடலை மிதிக்கத் தொடங்கும்போது சிறிதளவு வெற்றசைவு இருக்கவேண்டும். அது இல்லையென்றால், கேபிள் இறுகி இருப்பதாலேயே கிளட்ச் வழுக்கக்கூடும். கேபிளைத் திருத்தினாலே போதுமானால் பணம் செலவிட வேண்டியதில்லை” என்றான். கேபிளின் திருகை அளவாகத் தளர்த்தினான். பின்னர்க் கைப்பிரேக்கை நன்றாக இழுத்து வைத்து, எதிரில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, வண்டியை உயர் கியரில் இட்டுப் பெடலை மெல்ல விட்டான். “கிளட்ச் நலமாக இருந்தால் இயந்திரம் திணறி நின்றுவிட வேண்டும்” என்றான். அது நிற்கவில்லை, நோயாளி உளறுவதுபோல் ஓடிக்கொண்டே இருந்தது. “தட்டு தேய்ந்தேவிட்டது ஐயா. மாற்றத்தான் வேண்டும்” என்றான். செலவு செய்யுமுன் செலவு வேண்டுமா என்று ஆராய்தல் சிக்கனத்தின் முதற்படி என்பதை அன்று கண்டேன்.

“கிளட்ச் என்பது என்ன தம்பி? எனக்கு விளங்குமாறு சொல்” என்றேன். அவன் தரையில் அமர்ந்து, இரண்டு தட்டுகளைக் கையில் எடுத்துக் காட்டி விளக்கினான். இயந்திரம் ஓயாது சுழன்றுகொண்டே இருப்பது. சக்கரங்களோ சில வேளை நிற்கவேண்டும். சில வேளை ஓடவேண்டும். சுழலும் இயந்திரத்தை நிற்கும் கியர்ப் பெட்டியோடு நேரே பிணைத்தால், ஒன்று வண்டி துள்ளும். அன்றேல் இயந்திரம் நின்றுவிடும். ஆதலால் இரண்டுக்கும் இடையே உரசும் தன்மையுள்ள ஒரு தட்டை வைத்திருக்கின்றனர். இயந்திரத்தோடு சுழலும் கனத்த சக்கரம் ஒன்று உண்டு. அதனைப் பிளைவீல் என்பர். வலிய வில்லைக் கொண்ட அழுத்துத் தட்டு ஒன்று, உரசு தட்டை அந்தச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அப்போது இயந்திரத்தின் விசை தட்டின் வழியே கியர்ப் பெட்டிக்குச் செல்கிறது. பெடலை மிதித்தால் ஒரு பேரிங் முன்சென்று அந்த வில்லை அமுக்கும், அழுத்தம் நீங்கும், தட்டு விடுபடும். பெடலை மெல்ல விட்டால் தட்டு சிறிது வழுக்கி, பின்பு சிறிது பற்றி, இறுதியில் முழுதும் பற்றிக்கொள்ளும். இதுவே அதன் தொழில்.

கேட்டதும் எனக்கு இலக்கணம் நினைவுக்கு வந்தது. ‘மணி’ என்ற சொல்லோடு ‘அடித்தது’ என்ற சொல் சேரும்போது என்ன நிகழ்கிறது? முன்னதன் ஈற்றிலும் உயிர். பின்னதன் முதலிலும் உயிர். இரண்டு உயிர்கள் நேரே ஒன்றோடொன்று இணங்கா. ஆகவே இடையே யகரம் ஒன்று வந்து அவற்றைச் சேர்த்து வைக்கிறது. ‘மணியடித்தது’ என்று ஆகிறது. அந்த யகரத்தை உடம்படுமெய் என்பர். உடன்படாத இரண்டையும் உடன்படச் செய்வது அது. “தம்பி, இந்தக் கிளட்ச் வண்டிக்கு ஓர் உடம்படுமெய் அல்லவா?” என்றேன் மகிழ்ச்சியோடு.

அவன் தலை குனிந்து சிரித்தான். “ஐயா, ஏழாம் வகுப்பில் நான் ‘மணி அடித்தது’ என்று பிரித்தபடியே எழுதிவிட்டேன். தாங்கள் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘கவனம் போதாது’ என்று எழுதினீர்கள். அன்று உடம்படுமெய்யை இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கும் விளங்கியிருக்கும்” என்றான்.

அவன் குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகவே சொன்னான். ஆயினும் அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. நான் அவனிடம் செல்லக் கூசியதற்குக் காரணம் அதுவே. அந்தச் சிவப்பு எழுத்து எனக்கும் நினைவில் இருந்தது. அவன் ஏட்டில் ஒரு முறை அன்று, பல முறை அதனை எழுதியவன் நான். பத்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றபோது, “கவனம் இல்லாத பிள்ளை, அவ்வளவுதான்” என்று ஆசிரியர் அறையில் சொல்லியவனும் நானே.

“கூலிக்குத் தங்களிடம் பணம் வேண்டா ஐயா. ஞாயிற்றுக்கிழமை என் பட்டறைக்கு விடுமுறை. தாங்கள் உடன் இருந்து உதவினால் இங்கேயே மாற்றிவிடலாம். பொருள்களை மட்டும் வாங்கி வையுங்கள்” என்று சொல்லி ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தான். உரசு தட்டு, அழுத்துத் தட்டு, பேரிங் மூன்றும் சேர்ந்த தொகுதி ரூ. 2,700, கியர் எண்ணெய் ரூ. 750, எண்ணெய் கசியாது காக்கும் இரண்டு ஆயில் சீல் ரூ. 160, புதிய கேபிள் ரூ. 290. பட்டியலின் இறுதியில், வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டு, ரூ. 1,200 என்று எழுதியிருந்தான். கூட்டினேன், ரூ. 5,100 ஆயிற்று. கையில் இருந்ததற்கு மேல் ரூ. 100!

நான் உடனே குறைக்கத் தொடங்கினேன். “பழைய பேரிங் இன்னும் சுழல்கிறதே, தட்டை மட்டும் மாற்றினால் என்ன?” என்றேன். “பேரிங் விலையில் சிறியது ஐயா. ஆனால் அது நாளைக்குக் கெட்டால் இதே வேலையை முழுவதும் மீண்டும் செய்யவேண்டும். மூடிய இடத்தில் இருக்கும் பொருளில் சிக்கனம் பார்க்கக்கூடாது” என்றான். “ஸ்டாண்டு எதற்கு? கொல்லையில் செங்கல் கிடக்கிறது, அடுக்கி வைத்துக்கொள்ளலாமே” என்றேன். அதுவரை சிரித்த முகமாய் இருந்தவன் முகம் மாறியது. “செங்கல் சுவருக்கு உரியது ஐயா, வண்டியின் பளு ஒரு மூலையில் விழுந்தால் நொறுங்கிவிடும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. ஸ்டாண்டு இல்லாமல் தாங்களும் கீழே படுக்கக்கூடாது, நானும் படுக்கமாட்டேன்” என்று உறுதியாகச் சொன்னான். நான் வாய் மூடினேன். குறைந்த நூறு ரூபாயை என் மனைவி தன் அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை 7 மணிக்கு வேலை தொடங்கியது. சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தினோம். பின் சக்கரங்கள் உருளாதவாறு முன்னும் பின்னும் கட்டைகளை வைத்தோம். பாட்டரியின் இணைப்பை முதலில் நீக்கினான். முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, இரு பக்கமும் ஸ்டாண்டுகளை இட்டு, அவற்றின்மேல் வண்டியை இறக்கினான். ஜாக்கியையும் துணையாக அடியில் விட்டுவைத்தான். பிறகு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி அசைத்துப் பார்த்தான். “கீழே படுக்கும் முன் அசைத்துப் பார்க்கவேண்டும், படுத்த பின் அசைந்தால் பயன் என்ன?” என்றான்.

எனக்கு ஒரு பொறுப்பு அளித்தான். கழற்றும் திருகுகளையெல்லாம் வரிசைப்படி வைத்துக் குறிப்பு எழுதுவதே அது. நான் கொட்டாங்கச்சிகளைக் கழுவி வைத்து, அவற்றுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டேன். கேபிள் திருகுகள் ‘அ’வில், ஸ்டார்ட்டர் மோட்டாரின் திருகுகள் ‘ஈ’யில், இவ்வாறு ‘ஓ’ வரையில் பதினொரு கொட்டாங்கச்சிகள் நிறைந்தன. எது எங்கிருந்து, எத்தனை, நெட்டையா குட்டையா என்பதை ஏட்டில் எழுதினேன். கழற்றிய முறைக்கு நேர்மாறாகப் பூட்டவேண்டும் என்பதால் அந்த ஏடே எங்களுக்கு நூலாயிற்று.

பழைய எண்ணெயை ஒரு தகரத்தில் வடித்தோம். சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் இரண்டு தண்டுகளையும் கியர்ப் பெட்டியிலிருந்து விலக்கினோம். கியர்ப் பெட்டியை நீக்கினால் இயந்திரம் ஒரு பக்கம் சாயும். ஆகவே மேலே குறுக்காக ஓர் இரும்புக் குழாயை வைத்து, இயந்திரத்தைச் சங்கிலியால் தூக்கிக் கட்டினான். இனி இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் போல்ட்டுகள் மட்டுமே எஞ்சின. அவற்றுள் ஒன்றுக்கு உரிய ஸ்பேனர் அவனுடைய பட்டறையில் இருந்தது. “ஐந்து நிமிடத்தில் வருகிறேன் ஐயா. அதுவரை எதனையும் தொடவேண்டா” என்று சொல்லிச் சென்றான்.

என் உள்ளத்தில் அவசரம் புகுந்தது. ‘ஒரு போல்ட்டுத்தானே! சற்று ஆட்டினால் தளர்ந்துவிடாதா?’ என்று எண்ணிக் கீழே நுழைந்து, கியர்ப் பெட்டியை இரு கையாலும் பற்றிப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வண்டி குலுங்கியது. அடியில் இருந்த ஜாக்கி சாய்ந்து, தரையில் உருண்டு விழுந்தது. அந்த ஒலியில் என் மூச்சு நின்றுவிட்டது. வண்டி இறங்கவில்லை, இரண்டு ஸ்டாண்டுகளும் அசையாமல் அதனைத் தாங்கி நின்றன. நான் எந்தச் செங்கல்லை அடுக்கச் சொன்னேனோ, அந்தச் செங்கல் அங்கே இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ, அறியேன். மெல்ல வெளியே வந்து வேப்பமரத்தடியில் அமர்ந்தேன். என் கைகள் நெடுநேரம் நடுங்கின.

திரும்பி வந்தவன் விழுந்து கிடந்த ஜாக்கியைக் கண்டான்; என் முகத்தையும் கண்டான். அவன் என்னைக் கடியவில்லை. “தண்ணீர் குடியுங்கள் ஐயா” என்று மட்டும் சொன்னான். நான் அந்த நிலையில் இருந்திருந்தால் என் மாணவனை எவ்வளவு கடிந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன், வெட்கம் உண்டாயிற்று.

உச்சிப் பொழுதில் கியர்ப் பெட்டி வெளியே வந்தது. பழைய உரசு தட்டைக் கையில் எடுத்துக் காட்டினான். அதன் உரசும் பகுதி தேய்ந்து, அதனைப் பிணைத்திருந்த ஆணித் தலைகள் மேலே தெரிந்தன. உள்ளே கரும்பொடி படிந்திருந்தது. நான் அதனை வாயால் ஊதப் போனேன்; அவன் தடுத்தான். “பழைய தட்டுகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் கேடு” என்று சொல்லி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஈரத் துணியால் ஒற்றித் துடைத்தான்.

“இது இவ்வளவு தேய்ந்ததற்குக் காரணம் என்ன?” என்று கேட்டேன். அவன் தயங்கினான். வாயிற்படியில் அமர்ந்திருந்த என் மனைவி மறுமொழி சொன்னாள்: “உங்கள் இடக்கால் எப்போதும் அந்தப் பெடலின்மேல்தானே இருக்கிறது? காலை எடுத்துக் கீழே வைக்கக்கூடாதா என்று நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!” அவன் புன்னகையோடு தலையசைத்தான். பெடலில் கால் சிறிது ஊன்றியிருந்தாலும் அழுத்தம் குறையும், தட்டு வழுக்கும், வழுக்குவதால் சூடேறித் தேயும். பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் தேங்கும்போது, கைப்பிரேக்கைப் பயன்படுத்தாமல், கிளட்சைப் பாதி விட்டு வண்டியை நிறுத்தி வைப்பதும் என் வழக்கம். அதுவும் தட்டைத் தின்னும் செயலே. வண்டி பழையது என்று நான் நொந்துகொண்டிருந்தேன்; பழுதுக்குக் காரணம் வண்டியன்று, என் இடக்கால்.

பிளைவீலின் முகத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் துடைத்தான். அதன் பின்னே எண்ணெய்க் கசிவு இல்லை என்பதை விளக்கைப் பிடித்துப் பார்த்துத் தெளிந்தான். எண்ணெய் பட்டால் புதிய தட்டும் வழுக்கும் என்பதால் இருவரும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவினோம். தட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. திருப்பி வைத்தால் வேலை கெடும். அதனைப் பிளைவீலின் நடுவில் துல்லியமாக நிறுத்துதல் வேண்டும்; சற்று விலகினாலும் கியர்ப் பெட்டியின் தண்டு உள்ளே நுழையாது. அதற்கென்று விற்கும் கருவியை அவன் வாங்கச் சொல்லவில்லை. பழைய கியர்ப் பெட்டியிலிருந்து எடுத்த தண்டு ஒன்றைக் கொண்டுவந்து, தட்டின் நடுத்துளையில் செருகி நிறுத்தினான். அழுத்துத் தட்டின் திருகுகளை ஒன்றை முழுதும் முறுக்கிப் பின்பு மற்றொன்று என்று பூட்டாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினான். எங்கே பணம் வேண்டும், எங்கே அறிவே போதும் என்பதை அவன் தெளிவாக அறிந்திருந்தான்.

பொழுது சாய்ந்தது. கியர்ப் பெட்டியை இருவரும் தூக்கிப் பொருத்தினோம். ‘ஓ’ முதல் ‘அ’ வரையில் கொட்டாங்கச்சிகள் ஒவ்வொன்றாய்க் காலியாயின. இரவு 8 மணிக்கு வேலை முடிந்தது என்று எண்ணியபோது, ‘ஈ’ என்ற கொட்டாங்கச்சியில் ஒரு போல்ட்டு எஞ்சியிருந்தது. எனக்கு உடல் முழுதும் நோவு. மறுநாள் திங்கட்கிழமை, காலையில் மருத்துவமனை செல்லவேண்டும். “ஒன்றுதானே தம்பி, எஞ்சினால் எஞ்சட்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “ஐயா, ஓர் எழுத்துக் குறைந்தாலும் பிழை பிழைதான் என்று எங்களுக்குச் சொன்னவர் தாங்கள் அல்லவா?” என்றான்.

நான் ஒன்றும் பேசாமல் ஏட்டைப் புரட்டினேன். ‘ஈ: ஸ்டார்ட்டர் மோட்டார், போல்ட்டு இரண்டு’ என்று என் கையெழுத்தே சாட்சி சொன்னது. விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். கீழ்த்துளை வெறுமையாக இருந்தது. அவ்வாறே விட்டிருந்தால் மோட்டார் கோணலாக நின்று, பல்லோடு பல் மோதி, ஏதேனும் ஒரு பாலத்தின் நடுவில் எங்களை நிறுத்தியிருக்கக்கூடும். போல்ட்டைப் பூட்டினான், புதிய எண்ணெயை ஊற்றினான், கேபிளின் வெற்றசைவைச் சரிசெய்தான், இறுதியாகப் பாட்டரியை இணைத்தான். இயந்திரம் ஓடியது. பெடலை விட்டதும் வண்டி, கன்று தாயை நோக்கி நகர்வதுபோல் மெல்ல முன்னே நகர்ந்தது.

மறுநாள் ஐந்து பாலங்களையும் அலுப்பின்றி ஏறினோம். என் இடக்கால் தரையில் இருந்தது. ஏற்றத்தில் நின்றபோது கைப்பிரேக்கை இழுத்தேன். அருகில் இருந்தவள் அதனைக் கண்டாள். ஒன்றும் சொல்லாமல் வெளியே ஆற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

கணக்குப் பார்த்தால் ரூ. 3,900 மிச்சம். ஆயினும் அதனை நான் ஈட்டியதாகச் சொல்லிக்கொள்ளலாமா? அது ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு. உழைத்தவன் கூலியை விழுங்கி மிச்சம் பிடிப்பது சிக்கனம் அன்று, அது களவு. அவன் பணம் வாங்க மறுத்துவிட்டான். ஆனால் அவன் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். ஞாயிறு தோறும் அவளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். உடம்படுமெய் கற்பித்த நாளில், பழைய உரசு தட்டை அவள் கையில் கொடுத்துத்தான் பாடம் தொடங்கினேன். அவளுக்கு ஒரே தடவையில் விளங்கியது. அவள் ஏட்டில் பிழை கண்டால் இப்போது வட்டமிடுகிறேன். ஆனால் ‘கவனம் போதாது’ என்று எழுதுவதில்லை. அவளை அருகில் அழைத்து, எங்கே இடறினாள் என்று கேட்கிறேன். அந்நாளில் போதாமல் இருந்தது அவள் தந்தையின் கவனம் மட்டும் அன்று. என் கவனமும் போதவில்லை.

மாணவர்களே! நீங்கள் இளையோர், பெரியவர் துணையின்றி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு மிதிவண்டியோ மின்விசிறியோ பழுதுபார்க்கப்படும்போது, அருகில் நின்று பாருங்கள். ஏன், எவ்வாறு என்று கேளுங்கள். கழற்றுவதை வரிசைப்படுத்தி வையுங்கள். பூட்டிய பின் எண்ணிப் பாருங்கள். உயிரைக் காக்கும் பொருளில் காசைக் குறைக்காதீர்கள். உழைப்பவனைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பொருள் தேய்வது பெரும்பாலும் அதன் முதுமையால் அன்று, நம் கவனக்குறைவால். கவனம் உள்ள இடத்தில் சிறு பொருளும் நெடுநாள் உழைக்கும். கவனம் இல்லாத இடத்தில் பெருஞ்செல்வமும் அந்தத் தட்டைப் போலவே, நாம் அறியாமல் நம் காலடியிலேயே தேய்ந்து போகும்.